விமானத்தின் வயிற்றில் ஓட்டை போடுவது ஏன்? கல்வராயன் மலைக்கு இதனால் என்ன பயன்?

கல்வராயன் மலையை சாதாரண செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பெரும்பாலும் பச்சைதான் தெரியும். அதில் கடுக்காய் மரம் எது, மரவள்ளி எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இதற்காகத்தான் சிறிய விமானங்களை பறக்கும் ஆய்வகங்களாக மாற்றுகிறார்கள்.

இந்தியாவில் இருக்கிறதா?

இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம், பீச்கிராஃப்ட் பி-200 விமானத்தை இதற்குப் பயன்படுத்துகிறது. இதில் இரண்டு டர்போபிராப் இன்ஜின்கள். அதாவது, டர்பைன் சுழன்று புரொப்பெல்லரைச் சுற்றும். ஜெட்டை விட மெதுவாகப் பறக்கலாம், சின்ன ஓடுதளமே போதும்.

2015 டிசம்பரில் நாசாவின் 'அவிரிஸ்-என்ஜி' கருவியுடன் தொடங்கிய ஆய்வில், 57 இடங்கள் படம்பிடிக்கப்பட்டன. இந்தக் கருவி ஒளியை 400-க்கும் மேற்பட்ட அலைவரிசைகளாகப் பிரிக்கும். மரம், பாறை, மண் என ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு. அதை வைத்து அடையாளம் காண்கிறார்கள்.

என்னென்ன மாற்றுவார்கள்?

* அடிப்பகுதி: கருவி கீழே பார்க்க ஓட்டை போட்டு, சுற்றிலும் உலோகத் தகடு வைத்து பலப்படுத்துவார்கள். ஜன்னல் வைப்பதாக இருந்தால், அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காத சிறப்புக் கண்ணாடி வேண்டும்.
* உள்ளே: பயணிகள் சீட்டுகளைக் கழற்றி, கருவிகளுக்கான ரேக்குகளைப் பொருத்துவார்கள்.
* மின்சாரம்: விமானத்தில் கிடைப்பது 28 வோல்ட் நேர்மின்சாரம். கணினிகளுக்கு இன்வெர்ட்டர் தேவை.
* இறக்கை: மேகத்துளிகளை அளக்கும் கருவிகள் இங்கே தொங்கும். இன்ஜின் புகை படாத இடமாக இருக்க வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009-ல் தொடங்கிய மழைமேக ஆய்வில் இப்படித்தான் அளந்தார்கள்.

ஓட்டை போட்டால் ஆபத்து இல்லையா?

சும்மா போட்டால் ஆபத்துதான். உயரே போகும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடல் லேசாக உப்பிச் சுருங்கும். ஓட்டையின் ஓரத்தில் விரிசல் விழலாம். அதனால் வலிமை, எடை, சமநிலை எல்லாவற்றையும் கணக்கிட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வாங்கிய பிறகே பறக்க முடியும்.

மலை மக்களுக்கு என்ன?

காடு எது, விளைநிலம் எது என்று வரைபடம் தப்பாகச் சொன்னால், பாதிப்பு அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்குத்தான். விமானப் படம் அந்தத் தவறைக் குறைக்கும். ஆனால் படம் மட்டும் போதாது. யாராவது மலையேறிப் போய், படத்தில் தெரிவது அந்த மரம்தானா என்று நேரில் பார்க்க வேண்டும். அந்த மரங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் மலை மக்கள்தான்.