துக்ளக் (நாடகப் பாத்திரம்)

துக்ளக்: கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதி 1964-இல் வெளியான வரலாற்று நாடகத்தின் தலைமைப் பாத்திரம். 1325 முதல் 1351 வரை டெல்லியை ஆண்ட சுல்தான் முகமது பின் துக்ளக்கை அடியொற்றியது.

பாத்திர இயல்பு: தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதும் செப்பு நாணயம் வெளியிட்டதும் சுல்தானின் பித்துக்குச் சான்றுகளாக நெடுங்காலம் சொல்லப்பட்டன. கர்னாட் அவரைக் கோமாளியாக்கவில்லை. சமய வேற்றுமையற்ற நீதியைக் கனவு காண்பவர், சதுரங்கப் பிரியர், காரியத்துக்காகக் கொலைக்கும் துணிபவர் என்று முரண்கள் நிறைந்தவராகப் படைக்கிறார். தொழுகை நேரத்தில் தம்மைக் கொல்லச் சதி நடந்ததை அறிந்ததும் தொழுகையையே தடைசெய்கிறார். சிற்றன்னைக்கும் மரண தண்டனை விதிக்கிறார்.

துணைப் பாத்திரங்கள்: வரலாற்றாசிரியர் பரணி அறத்தையும் அமைச்சர் நஜீப் தந்திரத்தையும் வலியுறுத்துகின்றனர். இவ்விருவரும் சுல்தானின் மனத்துக்குள் மோதும் இரு கூறுகள் என்பது யு. ஆர். அனந்தமூர்த்தியின் கருத்து. சுல்தானின் ஒவ்வொரு சீர்திருத்தத்தையும் ஆள்மாறாட்டத்தால் ஆதாயமாக்கிக்கொள்ளும் அஜீஸ், அவருடைய நிழலாகவே இயங்குகிறான். இறுதியில் அவனுக்குத் தண்டனைக்குப் பதில் பதவி கிடைக்கிறது.

விளக்கங்கள்: நேரு காலத்து இலட்சியங்கள் கலைந்த ஏமாற்றத்தின் உருவகமாக இப்பாத்திரத்தைப் பலர் வாசித்தனர். அதிகாரத்தில் தனித்துப்போன மனிதனின் அவலம் என்பது மற்றொரு வாசிப்பு. டெல்லி புராணா கிலாவில் இப்ராஹிம் அல்காசி இயக்கிய மேடையாக்கத்தில் மனோகர் சிங்கின் நடிப்பு புகழ்பெற்றது.

ஒப்பிடுக: சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்' (1968). இதே சுல்தானின் பெயரைத் தற்கால அரசியல் அங்கதத்துக்குப் பயன்படுத்திய தமிழ் நாடகம், 1971-இல் திரைப்படமானது.