இரத்தச் சர்க்கரைக் குறைவு: இனங்காணப்பட்ட வரலாறு

சிறுநீர் இனிக்கும் நோயைப் பண்டைய இந்திய மருத்துவ நூல்களே அறிந்திருந்தன. ஆனால், இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து என்பது இன்சுலின் வந்த பிறகே தெளிவாயிற்று.

1921-22இல் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட், மக்லியோட் ஆகியோருடன் பணியாற்றிய காலிப், தாம் பிரித்தெடுத்த சாற்றை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். முயல்களுக்கு வலிப்பு வந்தது. குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்தன. முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்குக் குறைக்கும் திறனே பின்னர் இன்சுலின் அலகுக்கு அடிப்படையாயிற்று. மருந்தை அளக்கும் கோலே அதன் ஆபத்துதான் என்பது விந்தை.

இன்சுலின் ஊசி போடாதவர்களிடமும் இதே வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றுவதை அமெரிக்க மருத்துவர் சீல் ஹாரிஸ் 1924இல் எழுதினார். உடலே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கக்கூடும் என்பது அவர் கருத்து. 1927இல் வெளியான மேயோ மருத்துவமனை அறிக்கை இதற்குச் சான்றளித்தது. அந்த நோயாளியும் ஒரு மருத்துவரே. அவருடைய கணையத்தில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அக்கட்டியின் சாறு இன்சுலினைப் போலவே சர்க்கரையைக் குறைத்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 1929இல் டொராண்டோவில் ராஸ்கோ கிரகாம் இத்தகைய கட்டி ஒன்றை அகற்றி, நோயாளியைக் குணப்படுத்தினார்.

அதன்பின் அறுவை மருத்துவர்கள் காரணமின்றியும் கணையத்தைத் திறக்கத் தலைப்பட்டனர். இதைக் கட்டுப்படுத்த நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: அறிகுறி இருக்க வேண்டும், அப்போது சர்க்கரை குறைந்திருக்க வேண்டும், குளுக்கோஸ் கொடுத்தால் அறிகுறி நீங்க வேண்டும். எளிய விதிதான், இன்றும் மாறவில்லை.

மூளை பெரிதும் குளுக்கோஸையே எரிபொருளாகக் கொண்டது. ஆகவே சர்க்கரை குறையும்போது முதலில் அட்ரினலின் சுரந்து படபடப்பு, வியர்வை, பசி உண்டாகின்றன. மேலும் குறைந்தால் பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, நினைவிழப்பு. குடிபோதை என்றும் மனநோய் என்றும் இது தவறாகக் கருதப்படுவதுண்டு. இதற்கு நேர்மாறாக, 1933 முதல் வியன்னாவின் மன்ஃபிரெட் சாக்கெல் மனச்சிதைவு நோயாளிகளை இன்சுலினால் வேண்டுமென்றே ஆழ்மயக்கத்தில் ஆழ்த்தினார். சிலர் மாண்டனர். 1957இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு, இன்சுலினுக்குத் தனிப்பயன் இல்லை எனக் காட்டியது.

இன்று பெரியவர்களிடம் முதன்மைக் காரணம் நீரிழிவு மருந்துகளே: இன்சுலினும் சல்பொனைல்யூரியா மாத்திரைகளும். மருந்தெடுத்து உணவைத் தவிர்ப்பது, வெறும் வயிற்றில் மது, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். 1993இல் வெளியான அமெரிக்க-கனடிய நீரிழிவு ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகச் சிக்கல்கள் குறைந்தன. கடும் சர்க்கரைக் குறைவோ சுமார் மூன்று மடங்காயிற்று. நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கு இப்போது 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே எச்சரிக்கை அளவு. 54க்குக் கீழே கடுமையானது. நினைவுள்ளவருக்கு 15 கிராம் சர்க்கரையைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்குக் குளுக்ககான் மருந்தோ சிரை வழிக் குளுக்கோஸோதான் வழி.