ஒரு ஸ்டிக்கரின் கதை: அமெரிக்காவின் ஏ.டி.வி. வண்டியும் மாநில எல்லைகளும்

அமெரிக்காவில் ஒருவர் நியூயார்க்கில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் கலிபோர்னியா வரை போகலாம். வழியில் பல மாநிலங்கள் வரும். எந்த எல்லையிலும் அவர் புதிய நம்பர் பிளேட் வாங்க வேண்டியதில்லை. தன் மாநிலத்தில் வாங்கிய ஓட்டுநர் உரிமமே போதும். ஆனால் அந்தக் காரின் பின்னால் ஒரு டிரெய்லர் இருந்து, அதில் ஓர் ஏ.டி.வி. வண்டியும் இருந்தால் கதை வேறு. அந்த வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கி எந்த மண்ணில் ஓட்டுகிறாரோ, அந்த மாநிலத்தின் சட்டத்தை அவர் முதலிலிருந்து படித்தாக வேண்டும். வயது, ஹெல்மெட், பயிற்சிச் சான்றிதழ், ஸ்டிக்கர் என எல்லாமே மாறக்கூடும்.

ஏ.டி.வி. என்பது சாலைக்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல. மோட்டார் சைக்கிள் போலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். காற்றழுத்தம் குறைந்த, பருத்த டயர்கள் இருக்கும். மணல், சேறு, பனி, காட்டுப் பாதை எதிலும் போகும். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர்களும் ஏராளம்.

காருக்குக் கிடைத்த சலுகை இந்த வண்டிக்கு ஏன் கிடைக்கவில்லை? அதற்கான விடை நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது.

காருக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே பதிவு கேட்டது. பல மாநிலங்களுக்குப் போய்வருபவர்கள் ஒரே காரில் பல பிளேட்டுகளை மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது.

1910 ஜூலையில் வாஷிங்டன் நகரவாசியான ஹென்ட்ரிக் என்பவர் தன் காரில் பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்குள் போனார். மேரிலாந்தின் பதிவுச் சான்று அவரிடம் இல்லை. கைது செய்யப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915ல் தீர்ப்பு வந்தது, ஹென்ட்ரிக் தோற்றார்.

நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. மோட்டார் வண்டிகள் ஆபத்தானவை, சாலையையும் தேய்ப்பவை. எனவே நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவராத வரை, வெளியூர்க்காரர் உட்பட எல்லோரிடமும் பதிவும் நியாயமான கட்டணமும் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. இன்று ஏ.டி.வி. ஓட்டுபவரிடம் வெளிமாநிலத்தவர் ஸ்டிக்கர் கேட்கப்படுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே வாதம்தான்.

சட்டப்படி வென்றது மாநிலங்கள்தான் என்றாலும், காலப்போக்கில் அவை தாமாகவே இறங்கிவந்தன. "உன் மாநிலத்துக் காரை நான் ஏற்கிறேன், என் மாநிலத்துக் காரை நீ ஏற்றுக்கொள்" என்ற பரஸ்பர ஏற்பு முறை பரவியது. 1916 முதல் மத்திய அரசு சாலைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1956க்குப் பிறகு மாநிலங்களை இணைக்கும் பெரும் நெடுஞ்சாலைகள் வந்தன. எல்லையில் காரை மறிப்பது எல்லோருக்கும் நஷ்டம் என்றானது.

மூன்று சக்கரத்தில் வந்த புதுமை

1960களின் இறுதியில் ஹோண்டா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு ஒரு பிரச்சினை இருந்தது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை. ஆண்டு முழுவதும் விற்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று ஜப்பானுக்குத் தகவல் போனது. அங்கே பொறியாளர் ஒசாமு தகேயுச்சி பல மாதிரிகளைச் செய்து பார்த்துக் கடைசியில் மூன்று பருத்த டயர்கள் கொண்ட வண்டியை உருவாக்கினார். 89 சி.சி. எஞ்சின் கொண்ட அந்த வண்டி 1970ல் விற்பனைக்கு வந்தது. விலை 595 டாலர்.

பார்ப்பதற்குப் பொம்மை போல இருந்ததால், சிறுவர்களும் ஓட்டலாம் என்ற எண்ணம் பெற்றோரிடம் பரவியது. ஆனால் அது பொம்மை அல்ல. முன்னால் ஒரே சக்கரம். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுழலும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாகப் போக வேண்டும். இரண்டும் ஒன்றாகவே சுழல்வதால் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். ஓட்டுபவர் தன் உடல் எடையைச் சரியான நேரத்தில் மாற்றிச் சாய்ந்தால்தான் அது ஒழுங்காகத் திரும்பும். எடை குறைந்த, பழக்கமில்லாத சிறுவனிடம் அது கவிழ்ந்தது. 1982ல் சுசூகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அது ஓரளவு நிலையானது, ஆனாலும் முழுப் பாதுகாப்பானது அல்ல.

நிலம் யாருடையது?

இந்த வண்டி வந்த நேரத்திலேயே நிலத்தைப் பற்றிய கவலையும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும் நிலப்பரப்பு மத்திய அரசுக்குச் சொந்தம். அந்தப் பாலைவனங்களில் மோட்டார் சைக்கிள்களும் ஜீப்புகளும் இஷ்டம்போல் ஓடின. கலிபோர்னியாவின் பார்ஸ்டோவில் தொடங்கி மாநில எல்லை தாண்டி நெவாடாவின் லாஸ் வேகாஸ் வரை ஒரு பந்தயம் நடந்தது. 1974ல் அதில் ஏறத்தாழ 3,000 பேர் கலந்துகொண்டார்கள். பாலைவனத்துக்கு ஏற்பட்ட சேதத்தைப் பார்த்த நிலத்துறை அடுத்த ஆண்டு அனுமதி தரவில்லை. 1983ல் மீண்டும் தொடங்கிய அந்தப் பந்தயம் 1989க்குப் பிறகு நின்றுபோனது.

கலிபோர்னியா 1971லேயே சாலை சாராத வாகனங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, பதிவையும் கட்டணத்தையும் கொண்டுவந்தது. 1972 பிப்ரவரி 8 அன்று அதிபர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். மத்திய அரசு நிலத்தில் எங்கே வண்டி ஓட்டலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு துறையும் வரையறுக்க வேண்டும் என்றது அது. 1977ல் அதிபர் கார்ட்டர், சேதம் ஏற்படும் பாதையை உடனே மூடும் அதிகாரத்தைச் சேர்த்தார்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. மத்திய அரசின் காடு என்பதால் நாடு முழுவதும் ஒரே விதி இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. பாதையை மத்திய வனத்துறை வரையறுத்தாலும், அந்தக் காடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வாகனச் சட்டத்தை மீறுவதும் வனத்துறை விதிப்படி குற்றம். ஆக, ஓட்டுபவர் இரண்டு சட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட வேண்டும்.

1988: வண்டிக்கு விதி வந்தது, ஓட்டுபவருக்கு வரவில்லை

1980களின் நடுவில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்டோர் ஏ.டி.வி. விபத்தில் காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் 16 வயதுக்கும் குறைந்தவர்கள். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் நீதித்துறையும் நிறுவனங்களை நீதிமன்றத்துக்கு இழுத்தன. 1988ல் ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களுடன் சமரசத் தீர்ப்பு ஏற்பட்டது. மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவருக்கென்று விற்கக் கூடாது என்றானது. வாங்குபவருக்குப் பயிற்சி அளிக்கவும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன.

பத்தாண்டுக்குப் பிறகு, 1998ல் அந்தத் தீர்ப்பின் காலம் முடிந்தது. பிறகு 2008ல் வந்த சட்டம், நிறுவனங்கள் அதுவரை தாமாகக் கடைப்பிடித்த தரத்தைக் கட்டாயமாக்கியது. புதிய மூன்று சக்கர வண்டிகளுக்கும் தடை விதித்தது.

ஆனால் இவை எல்லாமே கடையோடு நின்றுவிடும். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அதை அப்பா ஓட்டுகிறாரா, பத்து வயது மகன் ஓட்டுகிறானா என்பதை அந்த ஆணையத்தால் கட்டுப்படுத்த முடியாது. யார் ஓட்டலாம், எப்படி ஓட்டலாம் என்பது மாநிலங்களின் அதிகாரம். அதனால்தான் ஒரே தொழிற்சாலையில் ஒரே தரத்தில் செய்த வண்டிக்கு ஐம்பது விதமான சட்டங்கள் உருவாயின.

பிறந்த தேதி செய்யும் வேலை

மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். டுலூத் நகரமும் சுபீரியர் நகரமும் நீருக்கு இருபுறமும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் மாநில எல்லை. மின்னசோட்டாவில் 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர் பொது இடத்தில் ஏ.டி.வி. ஓட்டப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். விஸ்கான்சினில் அந்தக் கோடு 1988 ஜனவரி 1. ஆக, 1987 அக்டோபரில் பிறந்த ஒருவருக்குப் பாலத்தின் ஒரு பக்கம் சான்றிதழ் தேவை, மறுபக்கம் தேவையில்லை. இரண்டு மாநிலங்களுமே வெளிமாநிலத்தவரிடம் பாதைக்கான தனி அனுமதியும் கேட்கின்றன.

இந்த வேறுபாடு வெறும் அலுவலகக் குழப்பம் என்று தோன்றலாம். ஆனால் சில கோடுகளுக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2006ல் 8 வயதுச் சிறுவன் ஒருவன் ஏ.டி.வி. விபத்தில் இறந்தான். அவன் பெற்றோர் சட்டத்தை மாற்றப் போராடினார்கள். 2010ல் அவன் பெயராலேயே அறியப்படும் சட்டம் நிறைவேறியது. 14 வயதுக்குக் குறைந்தவர்கள் பொதுவாக ஏ.டி.வி. ஓட்டக் கூடாது என்றது அது. வடக்கே எல்லையைத் தாண்டினால் நியூ ஹாம்ப்ஷயர். அங்கே 14 வயதுக்குக் குறைந்தவர்கள் உரிமம் பெற்ற பெரியவரின் துணையோடு ஓட்டலாம். 12 வயது மகனோடு இந்த எல்லையைக் கடக்கும் தந்தைக்கு, ஒரு பக்கம் விடுமுறை விளையாட்டாக இருப்பது மறுபக்கம் சட்ட மீறலாகிவிடும்.

மணலில் பறக்கும் கொடி

சில விதிகள் மண்ணின் தன்மையிலிருந்து பிறந்தவை. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், அரிசோனா எல்லையருகே இம்பீரியல் மணல்மேடுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பல மாநிலங்களிலிருந்தும் அங்கே கூட்டம் வரும். அங்கே ஓடும் வண்டியில் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும். காரணம், மணல்மேட்டின் மறுபக்கத்திலிருந்து ஏறிவரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. உச்சியில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதாமல் காப்பாற்றுவது அந்தச் சிறு துணிதான்.

அதுபோலவே கலிபோர்னியாவில் புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பான் வேண்டும். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் காடே எரியும். மழை அதிகம் பெய்யும் கிழக்கு மாநிலத்திலிருந்து வருபவருக்கு இது அனாவசியமாகத் தோன்றும். அந்த மண்ணைப் பார்த்தால்தான் புரியும்.

நிலக்கரி போய் ஏ.டி.வி. வந்த ஊர்

மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த பகுதி. வேலைகள் குறைந்து ஊர்கள் காலியான நிலையில், 1996ல் மாநிலச் சட்டமன்றம் ஒரு பொழுதுபோக்கு ஆணையத்தை அமைத்தது. நிலக்கரி, மரக் கம்பெனிகளுக்குச் சொந்தமான மலைகளில், அவர்களுடைய சம்மதத்தோடு ஏ.டி.வி. பாதைகள் போடப்பட்டன. 2000ல் ஹாட்ஃபீல்ட் மெக்காய் பாதைகள் திறக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் அந்த மலைகளில் சண்டையிட்ட இரண்டு குடும்பங்களின் பெயர் அது.

அங்கே வருபவர்களில் பெரும்பான்மையோர் வெளிமாநிலத்தவர். அவர்களுக்கு அனுமதிக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆனாலும் வருகிறார்கள். அவர்களை நம்பி விடுதிகளும் உணவகங்களும் நடக்கின்றன. ஹென்ட்ரிக் வழக்கின் காலத்தில் வெளியூர்க்காரர் சாலையைத் தேய்ப்பவராகப் பார்க்கப்பட்டார். இங்கே அவர்தான் ஊருக்குச் சோறு போடுபவர்.

அதே மாநிலம் ஏ.டி.வி. சாவுகளில் மக்கள்தொகை விகிதப்படி நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2004ல்தான் அங்கே சட்டம் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்றது. ஆனால் அந்த ஆணையத்தின் பாதைகளில் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தன் மாநிலத்தில் வெறுந்தலையோடு ஓட்டிப் பழகியவரும் அங்கே அணிந்தாக வேண்டும்.

முடிவாக

கார்ச் சட்டம் சாலையோடு வளர்ந்தது. சாலை ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைப்பது. அதனால் சட்டமும் இணைந்தது. ஏ.டி.வி. ஓடும் பாதை பெரும்பாலும் தொடங்கிய காட்டுக்குள்ளேயே சுற்றி முடிவது. அதன் சட்டம் நிலத்தின் சொந்தக்காரரையும், அந்த மண்ணின் ஆபத்தையும், அங்கே நடந்த சாவுகளையும் பொறுத்து ஊருக்கு ஊர் தனித்தனியே வளர்ந்தது.

எனவே வேறு மாநிலத்துக்கு வண்டியை ஏற்றிச் செல்பவர் கிளம்பும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்வது அவசியம். தன் பதிவு அங்கே செல்லுமா, இல்லை தனி ஸ்டிக்கர் வேண்டுமா? ஓட்டுபவரின் வயது அங்கே போதுமா? பயிற்சிச் சான்றிதழ் தேவையா? ஹெல்மெட், கொடி, தீப்பொறித் தடுப்பான் போன்றவற்றில் எவை கட்டாயம்? அந்த நிலம் யாருடையது, அவர்களுடைய தனி விதி என்ன?

அந்த ஸ்டிக்கரின் விலை சில டாலர்கள்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் விதிகளில் சிலவற்றுக்கு விலை கொடுத்தவர்கள், வீடு திரும்பாத சிறுவர்கள்.