எய்ட்ஸ் நோயாளர் இயக்கமும் மருந்தாய்வும்

1987 மார்ச்சில் நியூயார்க்கில் தோன்றிய ‘ஆக்ட் அப்’, மருந்தாய்வை வடிவமைப்பதில் நோயாளிகளுக்கும் பங்கு உண்டு என்று போராடி நிலைநாட்டிய இயக்கம். அதே மாதம் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. என்ற எய்ட்ஸ் மருந்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் செலவானது. புதிய மருந்து வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஆய்வில் சேர்வதே வழி. அங்கும் பலருக்குக் கிடைத்தது, ஒப்பிடுவதற்காகத் தரப்படும் மருந்தில்லாத மருந்துப்போலிதான். சாவின் வாசலில் நிற்பவர்கள் இதற்கு எப்படி இணங்குவார்கள்? ஏ.இசட்.டி. ஆய்விலேயே சிலர் கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்து, சுவையைக் கொண்டு எது மருந்து என்று கணித்தார்கள். கிடைத்ததைப் பங்கிட்டும் விழுங்கினார்கள். நோயாளியை வெறும் ஆய்வுப்பொருளாக நடத்திய முறை, தான் போற்றிய துல்லியத்தையே இப்படி இழந்தது. 1988 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தையும் 1990 மே மாதம் தேசிய சுகாதார நிறுவனத்தையும் முற்றுகையிட்ட பிறகே ஆய்வுக் குழுக்களில் நோயாளிகளுக்கு இடம் கிடைத்தது.

பாமரர் தலையிட்டால் ஆய்வின் கறார் குலையும் என்ற ஆட்சேபம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. அவசர அனுமதியில் பயனற்ற மருந்தும் நுழைந்துவிடலாம். அறிகுறி தோன்றுமுன்பே ஏ.இசட்.டி. தொடங்குவதால் ஆயுள் நீளவில்லை என்று 1993இல் கான்கார்ட் ஆய்வு காட்டியது. ஆனால் வைரஸ் இயலையும் புள்ளியியலையும் தாமே கற்றுத் தேர்ந்த செயற்பாட்டாளர்கள் இந்தப் படிப்பினையை ஏற்றார்கள். ஆக்ட் அப்பிலிருந்து பிரிந்த ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் குரூப்’, சக நோயாளிகளின் கோபத்தையும் பொருட்படுத்தாமல், சாக்வினாவிர் என்ற புதிய எய்ட்ஸ் மருந்துக்கு விரைவு அனுமதி தருமுன் பெரிய ஆய்வு வேண்டும் என்று 1994இல் கோரியது.