ஏசி கேஸ் எங்கே போச்சு? மேட்டூர்ல இருந்து அரியலூர் வரைக்கும் ஒரு வாயுவின் கதை

இந்த எபிசோடு ஒரே ஒரு வாக்கியத்தில் இருந்து பிறந்தது. கார் வைத்திருக்கும் எல்லாரும், குறைந்தது ஒரு ஏப்ரல் மாதத்திலாவது, ஒரு மெக்கானிக் வாயால் கேட்டிருக்கும் வாக்கியம்: "கேஸ் இல்ல தம்பி, ஃபில் பண்ணணும்."

பெட்ரோல் தீரும். அது எரிகிறது, புரிகிறது. ஏசி கேஸ் எப்படித் தீரும்? அது ஒரு மூடிய குழாய்க்குள்ளேயே சுத்துற வாயு. கம்ப்ரசர் அமுக்கும், கண்டென்சரில் சூட்டை விட்டு திரவமாகும், டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற காயிலில் மறுபடி ஆவியாகி சூட்டை உறிஞ்சும். எதுவும் எரியல, எதுவும் செலவாகல. அப்போ கேஸ் குறைஞ்சிருக்குன்னா ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ ஓட்டை, கேஸ் வெளியே போயிருச்சு. எங்கே போச்சு என்ற கேள்வியைத்தான் உலகம் 1974-ல் முதல்முறையா சீரியஸா கேட்டது. அதுக்கு முன்னாடி நடந்த கதையைப் பார்த்துட்டு வருவோம்.

1920-களில் ஃப்ரிட்ஜுக்குள் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே நச்சு. மெத்தில் குளோரைடுக்கு வாசனைகூடப் பெரிசா கிடையாது, ராத்திரி கசிந்தால் தூக்கத்திலேயே ஆள் காலி. 1929-ல் சிகாகோவில் இப்படிப் பலர் இறந்தார்கள். "வீட்டுக்குள் வைக்கக்கூடிய வாயு" வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆராய்ச்சியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் கேட்டது. அவர் குழு கண்டுபிடித்ததுதான் பிறகு ஃப்ரியான் என்று பெயர் வாங்கிய ஆர்-12. 1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. டெமோன்னா இப்படி இருக்கணும். (பெட்ரோலில் ஈயம் கலக்கும் ஐடியாவும் இதே மனுஷனோடதுதான். இந்தியா முழுக்க அதை நிறுத்த 2000 பிப்ரவரி ஆயிடுச்சு.)

1940 மாடல் பேக்கர்ட் கார்களில் முதல்முறையாக கம்பெனியிலேயே ஏசி வைத்துக் கொடுத்தார்கள். கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. ஏசியை ஆஃப் பண்ணணும்னா வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டணும்! நம்ம ஊரில் ரொம்ப நாள் அம்பாசடர், பத்மினிக்கெல்லாம் ஏசி என்பது வெளியே கடையில் வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டும் ஒரு பெட்டிதான். 1983-ல் மாருதி 800 வந்தது. 1985-ல் சுசுகி, டென்சோ கூட்டோடு சுப்ரோஸ் தொடங்கியது. கார் ஏசி சாதாரண ஆளுக்கும் எட்டியது. உள்ளே இருந்தது அதே ஆர்-12.

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது இல்லையா? அந்தத் தண்ணியைப் பிடிச்சு மேலே மேலே போனால் மேட்டூர். அங்கே கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் இந்த வாயுவைத் தயாரித்தார்கள். இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நான்கு கம்பெனிகளில் அதுவும் ஒன்று. மீதி மூன்றும் குஜராத், ராஜஸ்தான் பக்கம்.

இப்போ அந்த 1974 கேள்விக்கு வருவோம். மாரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் கேட்டது ரொம்ப எளிமையானது: இந்த வாயு எதோடும் வினைபுரியாதுன்னா, வெளியே விட்டதெல்லாம் கடைசியில் எங்கே போகும்? அவர்கள் கண்டுபிடித்த பதில்: மேலே. ஸ்ட்ராடோஸ்பியர் வரைக்கும் உடையாமல் போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடும். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கலாம். மிட்ஜ்லி மேடையில் ஊதிக் காட்டின அதே குணம், எதோடும் சேராத குணம், இங்கே எமனாகிவிட்டது. 1985-ல் ஜோ ஃபார்மன் குழு அண்டார்டிகா மேல் ஓசோன் கரைந்துகொண்டிருப்பதைக் கணக்கோடு காட்டியது. 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்தியா உடனே சேரவில்லை. ஓட்டை போட்டது பணக்கார நாடுகள், தொழிற்சாலையை மூடுறது நாங்களா? 1990 லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை விடாமல் பேசினார். பணமும் தொழில்நுட்பமும் கொடுக்க ஒரு நிதியம் உருவானது. 1992 ஜூனில் இந்தியா சேர்ந்தது. பிறகு சிஎஃப்சி ஆலைகளை மூட 8.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2003 ஜனவரி 1 முதல் புதிய ஏசி கருவிகளில் சிஎஃப்சி கூடாது. 2008 ஆகஸ்ட் 1 முதல் உற்பத்தியே நின்றது, கெடு 2010 என்றிருந்தும். ஒரு உலக ஒப்பந்தம் உருப்படியாக வேலை செய்த அபூர்வமான கதை இது.

ஆனா இந்தக் கதையை எப்பவும் ஆலைகளிலும் மாநாடுகளிலும் வைத்தே சொல்றாங்க. எனக்கு அது பிடிக்கல. கேஸ் உண்மையில் வெளியே போகும் இடம் பட்டறை. சென்னையிலிருந்து திருச்சி போற வழியில் பெரம்பலூர் நாலு ரோடு பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் பேசினேன். அம்பாசடர் காலத்திலிருந்து இதே தொழில்.

"அப்போ ஓட்டை எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?"

"விளக்கு வச்சுதான் தம்பி. டியூபை பைப்பு ஓரமா கொண்டுபோவோம், நெருப்பு பச்சையாச்சுன்னா அங்கதான் ஓட்டை."

அதை ஹேலைடு டார்ச் என்பார்கள். சூடான செம்பு மேல் ஆர்-12 பட்டால் சுடர் பச்சையாகும். அருமையான ட்ரிக். ஆனால் நெருப்பில் பட்ட ஆர்-12 அமில வாயுக்களாக உடையும், கூடவே கொஞ்சம் பாஸ்ஜீன், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. "தொண்டை காந்தும், வெளிய போய் நின்னுட்டு வருவோம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

பழைய கேஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "காத்துல விட்டுருவோம். வேற எங்க விடுறது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் இருக்கிறது. அந்தக் கொட்டகைக்கு எட்டாத விலை. பிடித்த கேஸை வாங்கிக்கொள்ள ஆளும் வேண்டுமே.

சரி, ஆர்-12 போய் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருஷக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதை அரியலூர் பாஷையில் சொல்றேன். அங்கே சிமென்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகின்றன. கிரிட்டேசியஸ் காலக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கல். ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லிலிருந்து மட்டும் 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒரு 450 கிராம் கேனைக் காற்றில் விட்டால்? சுமார் 640 கிலோவுக்குச் சமம். கையில் அடங்கும் ஒரு டப்பா, கிட்டத்தட்ட ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதுக்கு நிகர். சூளைப் புகையாவது கண்ணுக்குத் தெரியும்.

அந்த டப்பாவைப் பற்றி இன்னொரு விஷயம். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்களின் ஏசி வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றின கேஸில் கலப்படம். கலந்தது என்ன தெரியுமா? மெத்தில் குளோரைடு! 1929-ல் எதிலிருந்து தப்பிக்க இவ்வளவு தூரம் வந்தோமோ, அதுவே. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்று பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு பொருளை உண்டாக்கும். நம்ம கார் கண்டென்சரும் அலுமினியம்தான். அதனால மார்க்கெட் விலையில் பாதிக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத டப்பாவைப் பார்த்தா சந்தோஷப்படாதீங்க.

பட்டறையில் நிஜமா ஆளைக் கொல்லக்கூடியது இன்னொன்று: ஓட்டை பார்க்க ஆக்சிஜன் ஏற்றுவது. வெல்டிங் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கும், ஆசை வரும். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடி. உலர் நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். கம்ப்ரசர் காற்றும் வேண்டாம், அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ தீப்பிடிக்கக்கூடியது. வண்டி சும்மா நின்றாலே 40 டிகிரி வெயிலில் உள்ளே 9 பார் அழுத்தம் இருக்கும், டயரில் இருப்பதைப் போல நாலு மடங்கு. குழாயைக் கழட்டின வேகத்தில் திரவம் தெறித்தால் அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், தோலையும் கண்ணையும் உறைய வைத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் சீன் போட இல்லை. இந்த வாயு காற்றைவிட கனம் என்பதால் பள்ளத்துக்குள் இறங்கி வேலை பார்ப்பவருக்கு மூச்சுக்காற்றே இல்லாமல் போகலாம்.

ஹீட்டரா? பெரம்பலூர்ல ஹீட்டரா என்று அண்ணனே சிரித்தார். இன்ஜின் சூட்டைச் சுமக்கும் கூலன்ட் தண்ணி ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகும், அதுதான் ஹீட்டர். நம்ம ஊரில் அதன் பயன், இன்ஜின் சூடேறும்போது முழு ஹீட்டரைப் போட்டு கொஞ்சம் சூட்டை இறக்கிக்கொண்டு ஓரம் கட்டுவது. மூடியை மட்டும் சூட்டோடு திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அந்தத் தண்ணி 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், திறந்த நொடியில் முகத்துக்குப் பாயும்.

இனி நடக்கப்போவதுக்கு வருவோம். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அதன் இடத்தில் வந்த ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பிடிக்கும், 2012-ல் மெர்சிடிஸ் தன் சோதனையில் அது எரிந்ததைக் காட்டி பெரிய சண்டையே போட்டது. கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. 2028-ல் எச்எஃப்சி பயன்பாட்டுக்கு உச்சவரம்பு, 2032-ல் இருந்து குறைக்கணும்.

அதே நேரத்தில் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு கேபினில் ஏசி கட்டாயம். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மே மாத அரியலூர் வெயிலில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓட்டுற டிரைவருக்கு அது ஆடம்பரம் இல்லை. ஆனால் அந்த ரோட்டுத் தூசு கண்டென்சரை அடைக்கும். அடைத்தால் அழுத்தம் ஏறும், ஏறினால் எங்காவது ஒரு சீல் கசியும். இன்னும் சில கோடைகளில் "கேஸ் இல்ல"ன்னு அந்த லாரிகளும் வரிசையில் நிற்கும்.

ஒரு வேடிக்கை. பழைய சிஎஃப்சியை அழிக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் அங்கீகரித்த வழிகளில் சிமென்ட் சூளையும் ஒன்று. அந்தச் சூட்டில் மூலக்கூறு உடையும், வரும் அமிலத்தைச் சுண்ணாம்பே விழுங்கிவிடும். இந்தோனேசியாவில் செய்திருக்கிறார்கள். அந்த மாதிரிச் சூளைகள் அரியலூரைச் சுற்றி இருக்கின்றன, அண்ணனோட கொட்டகையிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்ல. நடுவில் இல்லாதது கேஸைப் பிடிக்கும் மெஷினும், அதை வாங்கிப் போக ஒரு வண்டியும்தான்.