என்பு ஆய்வும் விலங்குப் பரிசோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

விலங்குப் பரிசோதனையை ஒரு சாரார் விஞ்ஞானத்தின் தவிர்க்கவியலாத தேவை என்பர். மறுசாரார் கொடுமையென ஒதுக்குவர். இரு சாராருமே அதனை வரலாற்றுக்கு அப்பாற்பட்ட ஒன்றாகக் கொள்கின்றனர். ஆயின் என்பு, கசியிழையம் ஆகியன பற்றிய ஆய்வின் வரலாற்றை நோக்குமிடத்து, விலங்கை முன்வைத்து எழுப்பப்பட்ட வினா காலத்துக்குக் காலம் மாறியமையையும், வினா மாறியபோது விடையின் நம்பகத்தன்மையும் மாறியமையையும் காணலாம்.

இவ்வாய்வின் தொடக்கம் துணிக் கைத்தொழிலோடு தொடர்புடையது. துணிக்குச் செந்நிறம் ஊட்ட மஞ்சிட்டி இனச் செடியொன்றின் வேர் பயன்பட்டது. சாயத் தொழிலில் எஞ்சிய தவிட்டை உண்ட பன்றிகளின் என்பு சிவந்திருந்தமையை இலண்டன் சத்திரசிகிச்சையாளர் யோன் பெல்சியர் 1736 இல் அறிவித்தார். பிரான்சைச் சேர்ந்த துகமெல் இவ்வேரை விலங்குகளுக்கு இடைவிட்டு ஊட்டி, என்பில் செந்நிறப் படையும் வெண்ணிறப் படையும் மாறிமாறி அமைவதைக் கண்டார். தாவரங்களையும் ஆராய்ந்த அவர், மரம் பட்டையின் உட்புறத்தே பருப்பது போல, என்பும் தன்னைப் போர்த்துள்ள சவ்வினின்று பருக்கின்றதென 1740களில் வாதிட்டார். பின்னர் யோன் ஹன்ரர் இளம் பன்றியின் காலென்பில் துளையிட்டு ஈயக் குண்டுகளைப் பதித்து, என்பு நீளும் முறையை ஆராய்ந்தார். சத்திரசிகிச்சையில் ஈதரின் பயன் பகிரங்கமாக நிலைநாட்டப்பட்டது 1846 இலேயாகும். எனவே, இவ்வறிவின் விலையை உணர்விழக்காத விலங்குகளே செலுத்தின என்பது மனங்கொள்ளத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஒல்லியே, முயல்களில் என்புச் சவ்வை இடம்மாற்றிப் பதித்துப் புதிய என்பு தோன்றுவதைக் காட்டினார்; அவரது பெருநூல் 1867 இல் வெளியாயிற்று. 1965 இல் அமெரிக்கரான மார்சல் யூரிஸ்ற், கனியுப்பு நீக்கப்பட்ட என்பை விலங்குகளின் தசையினுள் பதித்தபோது அங்கும் என்பு உருவாதலை எடுத்துரைத்தார். இதனைத் தூண்டும் புரதங்கள் 1980களின் இறுதியில் இனங்காணப்பட்டன. இதுவரை எழுந்த வினா, என்பு எவ்வாறு உருவாகின்றது என்பதே. முலையூட்டிகளுக்குப் பொதுவான அவ்வியல்பைப் பன்றியும் முயலும் ஓரளவு உண்மையாகவே உணர்த்தின.

இழையப் பொறியியலின் வருகையோடு, ஆக்கிய பொருள் மனிதனைக் குணப்படுத்துமா என்ற வேறொரு வினா எழுந்தது. 1997 இல் வெளியான ஆய்வொன்றில், மனிதக் காதின் வடிவிலமைந்த, மெல்லச் சிதையும் பல்பகுதியச் சட்டகத்தில் மாட்டின் கசியிழையக் கலங்கள் இடப்பட்டு, அது சுண்டெலியின் முதுகில் பதிக்கப்பட்டது. அப்படத்தைக் கண்ட பலர் அதனை மரபணு மாற்றத்தின் விளைவெனப் பிழையாகக் கருதினர். உண்மையில் அச்சுண்டெலி, அந்நிய இழையத்தை நிராகரிக்கும் ஆற்றல் குன்றிய இனத்தைச் சேர்ந்தது. சாதாரண உடல் அவ்விழையத்தை ஏற்குமா என்ற வினா அப்பரிசோதனையின் அமைப்பிலேயே விலக்கப்பட்டிருந்தது.

மூட்டுக் கசியிழையத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. முயலின் முழங்காலில் அதன் தடிப்பு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர், மனிதனில் 2 மில்லிமீற்றருக்கும் மேல். மேலும், முயலில் ஏற்படும் காயம் தானாக ஆறும் தன்மையும் கூடியது. என்பைத் தூண்டும் புரதமும் எலியிலும் பார்க்க மனிதனில் மிகுந்த செறிவில் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 2002 இல் இடுப்புப்பகுதி முள்ளந்தண்டுச் சிகிச்சைக்கு அனுமதி பெற்ற அப்புரதம், அனுமதியின்றிக் கழுத்துப் பகுதியிலும் பயன்பட்டது. தொண்டை வீங்கி உயிராபத்து விளைவதாக 2008 இல் அந்நாட்டு அதிகாரசபை எச்சரித்தது. எலித்தசையில் பெற்ற வெற்றி மனிதத் தொண்டைக்கு உறுதிமொழியாக முடியாது.

1959 இல் ரசல், பேர்ச் ஆகியோர் மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளை முன்வைத்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் அவற்றைச் சட்டநெறியாக்கியது. புதிய மருந்துகளுக்கு விலங்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய விதியை அமெரிக்கா 2022 இல் தளர்த்தியது. இவற்றை வெறும் இரக்கத்தின் வெளிப்பாடாகக் கொள்வது பொருந்தாது. விடையளிக்கவியலாத வினாவுக்காக உயிரொன்றை வருத்துதல் அறத்துக்கு மட்டுமன்றி விஞ்ஞானத்துக்கும் இழுக்காகும். அதன் இழப்பை முதலில் விலங்கும், பின்னர் நோயாளியும் சுமக்கின்றனர். எனவே பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னர், இவ்விலங்கு இவ்வினாவுக்கு விடைதர வல்லதா என்று கேட்பதே ஆய்வாளரின் முதற்கடனாகும்.