முதற்பூவைக் குறித்துவைத்தவர்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் நிலக்கிழாரான ராபர்ட் மார்ஷம் 1736ஆம் ஆண்டு ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். குளிர்காலம் முடிவதற்குள்ளாகவே தலைகாட்டும் ஸ்னோட்ராப் என்னும் வெண்ணிறச் சிறுபூ தம் நிலத்தில் எந்த நாளில் முதன்முதலாக மலர்ந்தது, எந்த மரம் எந்த நாளில் தளிர்த்தது, எந்தப் பறவை எந்த நாளில் பாடத் தொடங்கியது என்று ஆண்டுதோறும் எழுதிவைத்தார். இவ்வாறு அவர் கவனித்த அறிகுறிகள் மொத்தம் 27. மரம் நடுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்த மார்ஷமுக்கு எந்த மரம் எப்போது துளிர்க்கும் என்பது நடைமுறைக்கு வேண்டிய செய்தி. 1789இல் இக்குறிப்புகள் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தன. 1797இல் அவர் மறைந்த பின்னரும் குறிப்பு நிற்கவில்லை. வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தொடர்ந்தனர். 1958 வரை, இடையே சில விடுபாடுகளோடு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தக் குடும்பக் குறிப்பு இன்று காலநிலை ஆய்வாளர்களின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு பூ பூத்த நாள் எவ்வாறு வரலாற்றுச் சான்றாகிறது? இவ்வினாவுக்கு விடை தாவரத்தின் உடலிலேயே இருக்கிறது. ஸ்னோட்ராப், நார்சிசஸ், டியூலிப் போன்றவை நிலத்துக்கடியில் கிழங்காக உறங்குபவை. முந்தைய பருவத்தில் இலைகள் தேடிய உணவைக் கிழங்கில் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டுக்கான மொட்டையும் அதனுள்ளேயே உருவாக்கிவிடுகின்றன. அம்மொட்டு வெளியே வருவதற்கு நெடுங்குளிர் ஒன்றைக் கடக்க வேண்டும். டியூலிப்புக்கு ஏறத்தாழ மூன்று மாதக் குளிர் தேவை. குளிரின் கணக்கு நிறைவுற்ற பின், மண்ணின் வெப்பம் சிறிது ஏறினால் போதும், தண்டு எழுகிறது. மேலே நிற்கும் மரங்கள் இலைவிட்டு நிழல் பரப்புவதற்கு முன் கிடைக்கும் ஒளியைப் பயன்படுத்திக்கொள்வதே இந்த அவசரத்தின் காரணம். ஆகவே அப்பூ மலரும் நாள், கடந்துபோன குளிரையும் வந்துசேர்ந்த வெப்பத்தையும் ஒருசேர அளந்து சொல்லும் நாளாகிறது.

இதனை முறையான அறிவாக்க முயன்றவர்களுள் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் முன்னோடி. 1751இல் வெளிவந்த 'ஃபிலோசோபியா பொட்டானிகா' என்னும் நூலில், தளிர்த்தல், பூத்தல், காய்த்தல், இலையுதிர்தல் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தாவர நாட்காட்டி அமைக்கும் வழியை அவர் வகுத்துரைத்தார். இத்துறைக்குப் பெயர் கிடைத்தது அடுத்த நூற்றாண்டில்தான். பெல்ஜியத் தாவரவியலாளர் சார்ல்ஸ் மோரன் 1849இல் 'ஃபீனாலஜி' என்ற சொல்லை வழங்கினார். 'தோன்றுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'பருவ நிகழ்வியல்' எனலாம்.

மார்ஷமும் லின்னேயஸும் பூவைக் குறிக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதினார்கள். ஜப்பானின் கியோட்டோ நகரத்துச் சான்று அத்தகையதன்று. அங்கே அரசவையினரும் பிரபுக்களும் துறவியரும் தத்தம் நாட்குறிப்புகளில் செர்ரி மலர் காணும் விருந்துகளைப் பதிந்துவைத்தனர். விருந்து நடந்த நாள் அவர்களுக்கு முக்கியம். பூ அதற்கான காரணம் மட்டுமே. அவ்வேடுகளைத் தேடித் தொகுத்த யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர், கி.பி. 812 முதல் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூத்த நாள்களின் வரிசையை உருவாக்கினார். இடைவெளிகள் பல இருப்பினும் உலகில் இத்துணை நீண்ட பூக்குறிப்பு வேறில்லை. அவ்வரிசையில் 1409ஆம் ஆண்டு மார்ச் 27 மிக முந்திய நாளாக நெடுங்காலம் நின்றது. 2021இல் மார்ச் 26 அன்றே கியோட்டோவின் செர்ரி முழுமையாகப் பூத்து அதனைப் பின்னுக்குத் தள்ளியது.

அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் 1850களில் ஹென்றி டேவிட் தோரோ எழுதிய பூக்குறிப்புகளும் இவ்வாறே பின்னாளில் பயன்பட்டன. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில் ஆய்வு செய்த ரிச்சர்ட் பிரைமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும், பொதுவாகக் காணப்படும் 43 தாவரங்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகப் பூப்பதைக் கண்டறிந்தனர்.

இத்தகைய குறிப்புகளை ஒப்பிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. நாட்காட்டி என்பது மனிதர் வகுத்தது. கியோட்டோ ஏடுகளின் நாள்கள் சந்திர-சூரிய முறையில் அமைந்தவை. அவற்றை இன்றைய முறைக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட இயலும். இங்கிலாந்து 1752இல் கிரெகொரி நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. இந்த 11 நாளை மறந்துவிட்டுப் பழைய ஆங்கிலக் குறிப்பொன்றைப் படிப்பவருக்கு, அக்காலத்தில் பூக்கள் உண்மையைவிட முந்திப் பூத்ததாகத் தோன்றும்.

இந்தியத் துணைக்கண்டத்துக்கு வரும்போது சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தின் 'ஸ்பிரிங்' என்ற சொல்லுக்கு எழுதல், துள்ளியெழுதல் என்பன அடிப்படைப் பொருள். உறைந்து கிடந்த நிலத்திலிருந்து உயிர் மேலெழும் காலம் அது. பள்ளிப் பாடநூல்கள் அதனை 'வசந்தம்' என்றும் 'இளவேனில்' என்றும் பெயர்க்கின்றன. ஆனால் தமிழர் வகுத்த கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளுள் இளவேனில் சித்திரையும் வைகாசியும் ஆகும். முற்றாத வெப்பம் என்பதே அதன் பொருள். ஸ்பிரிங் எழுவதைச் சொல்கிறது. இளவேனில் ஏறிவரும் வெயிலைச் சொல்கிறது. இரண்டும் பூக்காலங்களே எனினும் இரண்டின் பூக்களும் வெவ்வேறு காரணங்களால் பூக்கின்றன.

தென்னாட்டுச் சமவெளியில் கிழங்கை எழுப்பும் உறைகுளிர் இல்லை. இங்கே பருவத்தைப் பிரிப்பது ஈரமும் வறட்சியும். பனி விலகி நிலம் உலரத் தொடங்கும் மாசி, பங்குனியில் கோங்கும் இலவமும் முருக்கும் இலைகளை உதிர்த்துவிட்டுப் பூக்கின்றன. இலை இல்லாமையால் நீர்ச்செலவு குறைகிறது. வெறுங்கிளையில் பூ தெளிவாகத் தெரிவதால் தேனுண்ண வரும் பறவைகளுக்கும் வண்டுகளுக்கும் வழி எளிதாகிறது. வீட்டு முற்றத்து வேம்பும் தெருவோரப் புங்கும் புதுத்தளிரோடு பூக்கத் தொடங்குவது இதை ஒட்டியே. கொல்லையின் மாமரமோ மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளால் தூண்டப்பட்டு இவற்றுக்கு முன்பே பூக்கட்டுகிறது.

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டக்காரர்கள் இவ்வேறுபாட்டை நேரடியாக எதிர்கொண்டனர். 1860களில் வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் தோட்டக்கலைக் கையேடு எழுதிய ஃபர்மிங்கர் என்ற பாதிரியாரின் நூல் பல பதிப்புகள் கண்டது. இங்கிலாந்தில் வசந்தத்திலும் கோடையிலும் பூக்கும் செடிகளைச் சமவெளியில் மழை ஓய்ந்தபின் விதைக்க வேண்டும். அவை குளிர்காலத்தில் பூத்து, வெயில் ஏறும்போது மடியும். தாய்நாட்டில் வசந்தத்தின் அடையாளமாக அறிந்த பூக்களைத் தை, மாசியில் கண்டு மகிழவேண்டிய நிலை குடியேறியவர்களுக்கு ஏற்பட்டது. அதிலும் நிறைவடையாதவர்கள் மலைக்குச் சென்றனர். 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய உதகை தாவரவியல் தோட்டம் அவ்வேட்கையின் ஒரு விளைவு.

உறைகுளிரும் கிழங்குப்பூவும் உள்ளூர் மரபாகவே இருந்த நிலம் காஷ்மீர். அங்கே வசந்தத்துக்குச் 'சோந்த்' என்று பெயர். 1620இல் காஷ்மீரின் வசந்தத்தைக் கண்ட ஜஹாங்கீர், வீடுகளின் மண் பரப்பிய கூரைகளில் டியூலிப் கிழங்குகள் நடப்படுவதையும் அவை வசந்தந்தோறும் பூப்பதையும் தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார். அவருடைய ஓவியர் மன்சூர் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்ததையும் அதே நூல் கூறுகிறது. 1895இல் வெளிவந்த வால்டர் லாரன்ஸின் காஷ்மீர் நூலும் இந்தப் பூங்கூரைகளைப் பேசுகிறது. பனியின் கனத்தைத் தாங்கவும் வீட்டைக் கதகதப்பாக வைக்கவும் அமைந்த மண்கூரையே அம்மக்களின் தோட்டமாகவும் இருந்தது. பின்னர் தகரக் கூரைகள் பரவின. பனி எளிதாகச் சரிந்து விழுந்தது. பூவுக்கு இடமில்லாமல் போயிற்று. நார்சிசஸ் பூவுக்குக் காஷ்மீரியில் 'யெம்பர்ஸல்' என்று பெயர். 1953இல் தீனாநாத் நாதிம் இயற்றிய காஷ்மீரி இசைநாடகத்தில் வண்டோடு இணைந்து தலைப்பில் இடம்பெற்றதும் அப்பூவே. கூரைத் தோட்டம் மறைந்தாலும் சொல் நிலைத்தது.

உத்தராகண்டின் மலையூர்களில் முதற்பூ வாசலுக்கு வருகிறது. மார்ச் நடுவில், சூரியக் கணக்கின்படி சைத்ர மாதம் பிறக்கும் நாளில், 'ஃபூல் தேயி' என்ற விழா நடைபெறுகிறது. சிறுவர் சிறுமியர் விடியலில் மஞ்சள் நிறப் பியோலியையும் செந்நிறப் புராஸையும் கூடைகளில் பறித்து வந்து வீடுதோறும் வாசற்படியில் தூவி வாழ்த்துகின்றனர். வீட்டார் அரிசியும் வெல்லமும் தருகின்றனர். கேரளத்தின் விஷுவுக்குக் கொன்றையும், தமிழர் சித்திரை முதல்நாளுக்கு வேப்பம்பூவும் இவ்வாறே உரியவை.

இவ்விழாக்களின் அறிவியல் மதிப்பு பெரும்பாலும் கவனிக்கப்படாதது. விழாவின் நாள் சூரியக் கணக்கில் நிலையாக இருக்கிறது. பூவின் நாள் தட்பவெப்பத்தைப் பொறுத்து நகர்கிறது. எனவே குறித்த நாளில் கூடையில் எந்தப் பூ கிடைத்தது, எது முன்னரே உதிர்ந்துவிட்டது என்பது அவ்வாண்டின் தட்பவெப்பத்துக்கு ஓர் அளவுகோல். நம் சூரிய நாட்காட்டி விண்மீன்களை ஒட்டியதாதலால் பருவங்களிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் விலகிச் செல்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒரு வாழ்நாளில் ஒரு நாள் என்னும் அந்த விலகல், இன்று பூக்கள் காட்டும் நகர்வோடு ஒப்பிட மிகச் சிறியது. புராஸ் சில ஆண்டுகளில் சனவரி, பிப்ரவரியிலேயே பூத்துவிடுவதாகச் செய்திகள் வருகின்றன. கொன்றை விஷுவுக்குப் பல வாரம் முன்பே பூத்து உதிர்வதும் கேரளத்தில் பழகிப்போன செய்தி. பூ கிடைக்காத வீட்டுக்குக் கடையில் நெகிழிக் கொன்றை கிடைக்கிறது. வேப்பம்பூவை உலர்த்தி எடுத்துவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. விழா தடைபடுவதில்லை, அதனாலேயே மாற்றம் கண்ணில் படுவதும் இல்லை.

முன்கூட்டிப் பூப்பதால் நேரும் இழப்பு யாது? பிரிட்டனில் 406 தாவரங்கள் பற்றிய நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, 1986 வரையிலான காலத்தைவிட அதன் பின்னர் முதற்பூ ஏறத்தாழ ஒரு மாதம் முந்திவிட்டதைக் காட்டியது. முந்திய பூ பின்பனியில் கருகலாம். பழமரமாயின் அது அவ்வாண்டின் விளைச்சலையே பாதிக்கும். பூ மலரும் நாளில் அதற்குரிய வண்டு வராமல் போகலாம். வண்டு வரும் நாளில் பூ உதிர்ந்திருக்கலாம். இவ்வளவையும் அந்நாட்டார் அளந்து சொல்ல முடிந்ததற்குக் காரணம், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரோ ஒருவர் தம் தோட்டத்தின் முதற்பூவை எழுதிவைத்திருந்தார் என்பதே.

இந்தியாவில் அத்தகைய நீண்ட வரிசை அரிது. கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. கபிலர் ஒரே பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்திய மொழி இது. மலையூர்ச் சிறுவர்களும் வேப்பம்பூவை முறத்தில் சேர்க்கும் பெண்களும் ஆண்டுதோறும் கவனித்தே வந்துள்ளனர். எழுதப்படாதது நாள் ஒன்றுதான். அக்குறையை நிரப்ப 2010இல் 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் கேரளப் பள்ளி மாணவர்களின் பங்கு பெரிது. தாம் அறிந்த ஒரு மரத்தைத் தொடர்ந்து பார்த்து அதன் இலை, பூ, காய் நிலைகளைப் பதிவதே அவர்கள் செய்யும் பணி.

மார்ஷமுக்குக் காலநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. அவருடைய குறிப்புக்கு மதிப்பைத் தந்தவை மூன்று: அதே இடம், அதே தாவரம், விடாத தொடர்ச்சி. தமிழ்நாட்டு வீடுகளில் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த நாளும் தவறாமல் எழுதப்படுகின்றன. முற்றத்து வேம்பு பூத்த நாளும் அதே கட்டத்தில் இடம்பெறலாம். ஆண்டு முடிவில் அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவருக்கு அது சான்றாகும்.